பவளத் தொட்டிக்கு எந்த மணல்?

விளக்கு பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். பம்ப் சத்தம் போட்டால் புதிது வாங்கலாம். மணலை அப்படி மாற்ற முடியாது. பாறை அடுக்கி, பவளம் ஒட்டி, மீன் விட்டு ஒரு வருடம் ஓடிய தொட்டியில் மணலை மாற்றுவது, குடியிருக்கும் வீட்டில் தரையைப் பெயர்த்துப் புதுத்தரை போடுகிற வேலை. மீன்களை வாளிக்கு மாற்ற வேண்டும். பாறைகளை எடுக்க வேண்டும். அடியில் தங்கியிருந்த அழுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பித் தண்ணீரைக் கெடுக்கும். உப்புத் தண்ணீர் கலக்கும் அத்தியாயத்துக்கு முன்னால் மணல் அத்தியாயத்தை வைத்திருப்பது இதனால்தான்.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தை: வெள்ளையா, கறுப்பா? அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்த மணலில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்பது. அடுத்தது, தொட்டியில் நீரோட்டம் எவ்வளவு வேகமாக இருக்கப் போகிறது என்பது. இந்த இரண்டும் தெளிவானால் மணல் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், எவ்வளவு ஆழம் போட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும். அப்புறம் நிறம்.

பவளக் கடலின் மணல் எங்கிருந்து வருகிறது

பவளப்பாறைகளைச் சுற்றியுள்ள வெள்ளை மணலில் பெரும்பகுதி உயிர்கள் உண்டாக்கியது. கிளிமீன் தன் அலகு போன்ற பல்லால் பாறையைக் கொறிக்கிறது. பாறை மேலும் உள்ளும் இருக்கும் உணவை எடுத்துக்கொண்டு, அரைபட்ட சுண்ணாம்பை வெண்மணலாகக் கழிக்கிறது. மாலத்தீவில் வக்கரு என்ற தீவைச் சுற்றி ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவில், அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்கள் தந்தது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஒரு தீவே மீனின் வயிற்றிலிருந்து வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இதுபோக, சுண்ணாம்பைத் தன் உடலில் படியவைக்கும் ஹலிமீடா என்ற பச்சைப் பாசியின் சில்லுகள், ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள், சிப்பித் தூள், பவளத் துண்டுகள் எல்லாம் அந்த மணலில் கலந்திருக்கும்.

பஹாமாஸ் தீவுகளின் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் இன்னொரு வகை உருவாகிறது. நீரில் கரைந்த சுண்ணாம்பு, ஒரு சிறு துகளைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்து, அலையில் உருண்டு உருண்டு ஜவ்வரிசி போல உருண்டையாகிறது. இதற்கு ஊலைட் என்று பெயர். ‘அரகோனைட்’ என்று எழுதி வரும் வெள்ளை மணல் பைகளில் பல இந்த வகைதான். அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதும் இதே பொருளால்தான்.

இங்கே பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. அரகோனைட் மணல் போட்டால் கால்சியத்தையும் காரத்தன்மையையும் அது பார்த்துக்கொள்ளும் என்று பைக்குப் பை அச்சிட்டிருக்கிறார்கள். பவளத் தொட்டியின் பி.எச். பெரும்பாலும் 7.8-க்கும் 8.3-க்கும் நடுவில் இருக்கும். அந்த நிலையில் அரகோனைட் பெரிதாகக் கரையாது. கால்சியம் ரியாக்டரில் அது கரைகிறது என்றால், கார்பன் டை ஆக்சைடு செலுத்தி அந்தக் குழாய்க்குள் பி.எச்-ஐ 6.5 பக்கம் இறக்குவதால் கரைகிறது. வளரும் கல் பவளங்களுக்குத் தேவையான கால்சியத்தை மணல் தராது, நீங்கள்தான் தர வேண்டும். அப்படியானால் அரகோனைட் எதற்கு? துகள்கள் மென்மையானவை, வேண்டாத உலோகம் குறைவு, கடலில் இந்த உயிர்கள் வாழ்கிற தரை அதுதான். இந்தக் காரணங்களே போதும்.

கடற்கரை மணலை அள்ளிப் போடலாமா?

சென்னையில் இருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது. மெரினாவில் மணலுக்குப் பஞ்சமில்லை, கடல் மணல்தானே, ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நம் கிழக்குக் கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். ஆறுகள் உள்நாட்டுப் பாறைகளைத் தேய்த்துக் கொண்டுவந்து சேர்த்தது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடி ஏறக்குறைய 5.5. அரகோனைட் 3.5 முதல் 4. கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒரு குவார்ட்ஸ் மணி சிக்கினால் போதும், ஒரே இழுப்பில் நிரந்தரக் கோடு விழும். அக்ரிலிக் தொட்டி என்றால் சொல்லவே வேண்டாம். குவார்ட்ஸ் சிலிக்கா என்பதால் பழுப்புப் பாசி பெருகும் என்று பயமுறுத்துவார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் குவார்ட்ஸ் தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. புதுத் தொட்டியில் அரகோனைட் போட்டாலும் பழுப்புப் பாசி வரத்தான் செய்யும், குழாய்த் தண்ணீரின் சிலிக்கேட்டே அதற்கு ஊட்டம் கொடுத்துவிடும்.

குவார்ட்ஸைவிடக் கவலை தருவது அதனுடன் வருகிறவை. கரையோரம் அலை விட்டுச் செல்லும் கறுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இல்மனைட், மேக்னடைட், கார்னெட் போன்ற கன கனிமங்கள். தெற்கே குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிப் பக்கம் இந்தக் கனிமங்கள் செறிந்து கிடப்பதால்தான் அங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அவற்றைப் பிரித்தெடுக்கிறது. அந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டும் உண்டு. பார்க்க அழகான கறுப்பு, செந்நிற மணல்தான். மீன் தொட்டிக்குள் போக வேண்டியது இல்லை. நகரக் கடற்கரை மணலில் எண்ணெயும் கழிவுநீரும் வேறு சேர்ந்திருக்கும்.

சரி, ராமேஸ்வரம் பக்கம் போய்ப் பவள மணல் எடுத்து வரலாமா? கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காக அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அந்தத் தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளத்தை அகற்றியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. செத்த பவளத் துண்டுக்கும் அது பொருந்தும். ‘உடைத்த பவளம்’ என்று மூட்டையில் வைத்துக்கொண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத வியாபாரியிடம் ஒரு கிலோகூட வாங்காதீர்கள். பவளத்தை நேசித்துத் தொட்டி வைக்கிற நாம், பவளத்தை உடைத்தவருக்குக் காசு கொடுக்கக் கூடாது.

கையில் வந்த மணல் என்னவென்று தெரியவில்லை என்றால் வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். ஒரு தேக்கரண்டி காய்ந்த மணலில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு வகை. சும்மா ஈரமானால் சிலிக்கா அல்லது எரிமலை மணல். அடுத்து ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி, காய்ந்த மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த மணல் வேண்டாம்.

பருமன்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

கடைகளில் கிடைப்பதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சர்க்கரை மணல். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை உள்ள நடுத்தர மணல், கைக்கு ரவை போல இருக்கும். அதற்கும் மேல், ஐந்து மில்லிமீட்டர் வரை போகிற பரல்.

என் முதல் பவளத் தொட்டியில் சர்க்கரை மணல்தான் போட்டேன். போட்ட அன்று அவ்வளவு அழகு. மூன்றாவது வாரம் நீரோட்டத்துக்காக இரண்டு வேவ்மேக்கர் மாட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு மூலையில் அடிக்கண்ணாடி தெரிகிறது, எதிர்மூலையில் ஒரு சாண் உயரத்துக்கு மணல் மேடு. தாழ்வாக வைத்திருந்த பவளங்கள் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. பம்ப்பின் வேகத்தைக் குறைத்தால் மணல் அடங்கியது, ஆனால் பாறைக்குப் பின்னால் அழுக்கு தங்கியது. வேகத்தைக் கூட்டினால் பவளம் மூடியது. எட்டு மாதம் இப்படி இழுபறியில் போனபின், ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் சைபன் குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துவிட்டு நடுத்தர மணல் போட்டேன்.

300 லிட்டர் தொட்டியில் மணிக்கு 10,000 லிட்டர் நீரைச் சுழற்றுவது பவளத் தொட்டிகளில் சாதாரணம். கிளைவிடும் கல் பவளங்களுக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும். அந்த வேகத்தில் சர்க்கரை மணல் நிற்காது. அப்படிப்பட்ட தொட்டி வைக்கிறவர்களில் பலர் மணலே போடாமல் வெறும் கண்ணாடியில் விடுகிறார்கள். தவறில்லை, சுத்தம் செய்வதும் சுலபம். ஆனால் மணலில் வாழும் உயிர்கள் எதையும் வைக்க முடியாது. எனக்கு அது பாதிக் கடலாகத்தான் தெரிகிறது.

பரலின் சிக்கல் வேறு. மணிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். மீனுக்குப் போட்ட தீனியும் கழிவும் அந்த இடுக்குகளில் இறங்கி அழுகும், நைட்ரேட் ஏறும். வாராவாரம் சைபன் போட்டு உறிஞ்சத் தயாராக இருந்தால் மட்டும் பரலைத் தனித்தரையாகப் போடுங்கள்.

இனி குடியிருப்பவர்கள். ஹாலிகோரஸ் இனத்து மஞ்சள் ராஸ் மீன் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும். பயந்தாலும் தலைகீழாக மணலில் பாயும். அதற்கு மெல்லிய மணல், குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வேண்டும். பரலில் பாய்ந்தால் வாயும் தோலும் கிழியும், கிழிந்த இடத்தில் நோய் பற்றும். டைமண்ட் கோபி வாய் நிறைய மணலை அள்ளிச் சலித்து, உணவை எடுத்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியாக விடும். மணல் எப்போதும் வெளுத்திருக்கும், ஆனால் அள்ளியதைப் பவளத்தின் தலையில் கொட்டுவதும் அதுதான். சின்னத் தொட்டியில் மணலில் உள்ள சிற்றுயிர்கள் தீர்ந்துபோனால் அந்த மீன் மெலிந்து சாகும், கையால் தீனி கொடுத்துப் பழக்க வேண்டும். அதற்கும் மெல்லிய மணலே சரி, பரலை அதனால் சலிக்க முடியாது.

பிஸ்டல் இறாலும் அதன் கூட்டாளி கோபியும் சேர்ந்து வளை தோண்டுகிற காட்சிக்காகவே தொட்டி வைப்பவர்கள் உண்டு. அந்த வளைக்குக் கூரை நிற்க வேண்டுமானால் மெல்லிய மணலோடு ஒரு பங்கு பரலும் சிப்பித் துண்டும் கலந்திருக்க வேண்டும். ஜா ஃபிஷ்ஷுக்கும் அதே கலவைதான், ஆழம் 10 முதல் 15 சென்டிமீட்டர். நாசாரியஸ் நத்தைக்கு மெல்லியதோ நடுத்தரமோ எதுவும் ஒத்துப்போகும். மணல் சுத்தம் செய்யும் என்று கடல் அட்டையைப் பரிந்துரைக்கும் வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம், இந்தியாவில் அது சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர்.

இப்படி எந்தச் சிறப்புக் குடியிருப்பாளரும் இல்லை, க்ளவுன் மீனும் சில மென்பவளங்களும்தான் என்றால், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் மணலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நிறம்

வெள்ளை மணல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். தொட்டி பளிச்சென்று பெரிதாகத் தெரியும், பவளங்களின் அடிப்பக்கத்துக்கும் சிறிது ஒளி கிடைக்கும். நீல விளக்கின் கீழ் அது வெள்ளையாக இருக்காது, இளநீலமாகத் தெரியும். கடையின் வெள்ளை விளக்கில் பார்த்ததை வீட்டில் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கைப்பிடி மாதிரி கேட்டு வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரோடு போட்டு, உங்கள் தொட்டி விளக்கின் கீழேயே வைத்துப் பாருங்கள். ஈர மணல் எப்போதும் ஒரு படி கருமையாகத் தெரியும்.

வெள்ளையின் குறை, அது எதையும் மறைக்காது என்பது. முதல் இரண்டு மாதத்தில் பழுப்புப் பாசி போர்வை போலப் படரும்போது பதறிப்போய் மணலையே அள்ளி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொறுத்திருங்கள், பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் அந்தப் பைநிறம் திரும்பி வராது. ஆறு மாதத்தில் எந்த வெள்ளை மணலும் சந்தனமும் சாம்பலும் ஊதாப் புள்ளியும் கலந்த நிறத்துக்கு வந்துவிடும். உண்மையான பவளக் கடலின் தரையும் அப்படித்தான் இருக்கிறது. முதலிலேயே தூய வெள்ளையைத் தவிர்த்து, சற்று இளமஞ்சள் சாயல் உள்ள மணலை எடுப்பது என் வழக்கம். இந்த மாற்றம் அதில் கண்ணை உறுத்தாது.

கறுப்பு மணல் இயற்கையில் எரிமலைத் தீவுகளுக்கு உரியது. ஹவாயின் புனாலூ கடற்கரை, எரிமலைக் குழம்பு கடலில் விழுந்து நொறுங்கியதால் கறுத்தது. தொட்டியில் அதன் அழகை மறுக்க முடியாது. ஆரஞ்சு நிற க்ளவுன் மீனும், நீல ஒளியில் மின்னும் பவளங்களும் அதன் மேல் எடுத்து நிற்கும். பல மீன்கள் தரையின் நிறத்துக்கு ஏற்பத் தம் உடல் நிறத்தை வெளுக்கவோ அடர்த்தியாக்கவோ செய்வதால், கறுப்புத் தரையில் அவை செழிப்பாகத் தெரியும். பழுப்புப் பாசியும் சற்று மறையும்.

ஆனால் மீன் கழிவு, தீனித் துணுக்கு, உதிர்ந்த சிப்பி, பாறையிலிருந்து விழும் சுண்ணாம்புத் தூள் எல்லாமே வெளிர்நிறம். கறுப்பின் மேல் ஒவ்வொன்றும் தெரியும். இரண்டு வருடத்தில் கறுப்பு மணல், உப்பும் மிளகும் கலந்த மாதிரி ஆகிவிடுகிறது. கறுத்த எரிமலை மணலில் காந்தத்தில் ஒட்டும் துகள் இருப்பதும் உண்டு. கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மணலுக்கு அருகே கொண்டுபோனால் அவை தாவி ஒட்டிக்கொண்டு கோடு போடும். முன்னால் சொன்ன காந்தச் சோதனை கறுப்பு மணலுக்குக் கட்டாயம். எந்த நிற மணலானாலும் துடைப்பானை இரண்டு விரல் உயரத்துக்கு மேலேயே நிறுத்துவது நல்லது.

நன்னீர்த் தொட்டிக்கு விற்கும் சிவப்பு, நீலம், பச்சைச் சாயக்கற்களைப் பவளத் தொட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம். பூச்சு உரியும்.

எவ்வளவு வாங்குவது, எப்படிப் போடுவது

சாதாரணத் தொட்டிக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் போதும். நைட்ரேட்டைக் குறைக்க ஆழ்மணல் படுகை அமைப்பதாக இருந்தால் 10 சென்டிமீட்டருக்கு மேல், மெல்லிய மணலாகப் போட வேண்டும். அடியில் ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும். அப்படிப் போட்டால் கிளறவே கூடாது. கிளறினால் அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி உயிர்களைக் கொல்லலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

கணக்கு எளிது. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 120-க்கு 45 சென்டிமீட்டர் தரையுள்ள தொட்டியில் நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்கு 21.6 லிட்டர், அதாவது சுமார் 32 கிலோ. அதே தொட்டியில் 12 சென்டிமீட்டர் என்றால் 97 கிலோ. ஸ்டாண்ட் அந்த எடையையும் தாங்க வேண்டும்.

பாறையை முதலில் கண்ணாடி மேல் நேராக உட்காரவைத்து, அப்புறம் சுற்றிலும் மணல் போடுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால், கோபியோ இறாலோ அடியில் தோண்டும் நாளில் பாறை சரியும், கண்ணாடி உடையும். காய்ந்த மணலை வாளியில் சிறிது சிறிதாகப் போட்டு, அரிசி களைவது போல, மேல்நீர் தெளியும் வரை களையுங்கள். கடைசிக் களைதல் ஆர்.ஓ. தண்ணீரில். ஈரமாகப் பையில் வரும் ‘லைவ் சாண்ட்’டைக் களைய வேண்டாம், அதில் உள்ள பாக்டீரியாவுக்குத்தான் கூடுதல் விலை. தண்ணீர் ஊற்றும்போது மணல் மேல் ஒரு தட்டு வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள். எவ்வளவு களைந்தாலும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் பால் போலக் கலங்கியிருக்கும். அந்த நாட்களில் பவளத்தை உள்ளே விடாதீர்கள்.

தொட்டியைக் கலைக்கும் ஒருவர் தன் பழைய மணலை இலவசமாகத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். சுண்ணாம்பு மணல் தன் மேற்பரப்பில் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதுத் தண்ணீரில் அது மெல்ல மெல்ல வெளியே வரும், நீங்கள் மாதக்கணக்கில் பச்சைப் பாசியோடு போராடுவீர்கள்.

வாங்கும்போது கணக்குக்கு மேல் ஒரு பை சேர்த்து வாங்கி, பிரிக்காமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். சைபனில் போவதாலும், துகள்கள் தேய்ந்து நுணுகுவதாலும் வருடத்துக்கு வருடம் மணல் மட்டம் இறங்கும். அப்போது அதே பருமனில் அதே சாயலில் கடையில் கிடைப்பது அரிது.